முள்ளம்பன்றிக்குக் குரல் கொடுத்த மகராசி

எங்க ஓரகத்தியைப் பத்தி முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அவங்க வாயைத் திறந்தா மூட மாட்டாங்க. பத்து வருஷமா இதைத்தான் நான் பார்க்கிறவங்க கிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன். என் கரிநாக்குக்கு இவ்வளவு சக்தி இருக்கும்னு எனக்கே தெரியாது. ஒருநாள் நிஜமாவே மூடிப்போச்சு. அதை அப்புறம் சொல்றேன்.

என் புருஷனோட அண்ணன் சம்சாரம் அவங்க. நான் அக்கான்னு கூப்பிடுவேன். ரெண்டாவது மாடியில எதிரெதிர் வீடு. நடுவுல நாலடி நடை. ரெண்டு வீட்டுக் கதவும் திறந்தே கிடக்கிறதால, அவங்க வீட்டுல ஒரு கரண்டி கீழே விழுந்தா என் வீட்டுல நான் குனிஞ்சு தேடுவேன். அவ்வளவு நெருக்கம். நெருக்கம்னா பாசம்னு நீங்களா நினைச்சுக்காதீங்க.

அக்காவுக்கு வேலை டப்பிங். அதாவது யாரோ ஆடுவாங்க, இவங்க பேசுவாங்க. அதுலயும் ஆளுங்களுக்குப் பேசற பாக்கியம் அவங்களுக்குக் கிடைச்சதே இல்ல. நாப்பது வயசு நெருங்கற பொம்பளைக்கு எட்டு வயசுப் பிள்ளையோட குரல். அதனால குழந்தை, குரங்கு, காணாமப் போன நாய்க்குட்டி, ஒரு தடவை பல்லு தேய்க்கிற பிரஷ். அந்த பிரஷ் விளம்பரம் வந்த மாசம் முழுக்க எங்க மாடியில பல்லைக் காட்டிச் சிரிக்கவே பயமா இருந்துச்சு. "சரியாத் தேய்க்கலையே நீ"ன்னு பிரஷ் குரல்லயே கேப்பாங்க.

அந்தக் குரலால வீட்டுக்குப் பிரயோஜனமே இல்லேன்னு சொல்ல முடியாது. போன் வந்தா எதிர்முனையில, "பாப்பா, அம்மா இருக்காங்களா?"ம்பாங்க. இன்சூரன்ஸ்காரனா இருந்தா, "அம்மா குளிக்கிறாங்க அங்கிள்"னு சொல்லி வெச்சிடுவாங்க. ஒரே இன்சூரன்ஸ்காரன் கிட்ட மூணு வருஷம் குளிச்சவங்க உலகத்துலயே எங்க அக்கா ஒருத்திதான்.

ஒலிப்பதிவு இருக்கிற அன்னிக்கு அவங்க பண்ற ஆர்ப்பாட்டம் இருக்கே! மொடமொடப்பான துணி கட்டக்கூடாது, மைக்குல சலசலக்கும். வெறும் வயித்தோட போகக்கூடாது, வயிறு கத்தினா அதுவும் பதிவாயிடும். ரெண்டு ரொட்டித் துண்டை மென்னு முழுங்கிட்டு, கழுத்துல துணியைச் சுத்திக்கிட்டு, காலையிலேருந்து யார் கிட்டயும் பேசாம கிளம்புவாங்க. அன்னிக்கு ஒருநாள் மட்டும் என் மூத்தார், அதான் அக்காவோட புருஷன், வீட்டுல ராஜா மாதிரி உக்காந்திருப்பார். கேள்வி கேக்க ஆளில்லையே.

இப்படி இருக்கிறப்பதான் டிவிக்காரங்க குழந்தைங்களுக்காக ஒரு முழுநீளக் கார்ட்டூன் படம் எடுத்தாங்க. 'குட்டி முள்ளன்'னு பேரு. கட்டிப்பிடிச்சுக்க ஒரு ஆள் தேடி ஊர் ஊராப் போற முள்ளம்பன்றிக் குட்டியோட கதை. அக்காதான் குட்டி முள்ளன். வாழ்க்கையில முதல் தடவையா கதாநாயகன். நானூத்திப் பன்னெண்டு வசனம். எனக்கு எப்படி எண்ணிக்கை தெரியும்னு கேக்கறீங்களா? எங்க தெருவுல தெரியாதவங்க யாருன்னு கேளுங்க. காய்கறிக்காரருக்குத் தெரியும், பால் போடறவருக்குத் தெரியும், கீழ்வீட்டுல புதுசா குடிவந்தவங்க பெட்டியை இறக்கறதுக்குள்ள தெரிஞ்சுக்கிட்டாங்க.

படம் போட்டது ஒரு லீவு நாள் காலையில. அப்ப அக்கா பொண்ணுக்கு எட்டு மாசம். பத்து வருஷம் தவமிருந்து பிறந்த பொண்ணு. இப்ப அவளுக்கு வாலுன்னு பேரு, அப்ப வெறும் பாப்பா. டப்பிங் பேசறவங்களுக்கு யாரும் ஒரு பிரதி எடுத்துக் குடுக்கிற வழக்கம் கிடையாது. பேசினோமா, கையெழுத்துப் போட்டோமா, வந்தோமான்னு இருக்கணும். அதனால படத்தை வீட்டுலயே வீடியோ கேசட்டுல பதிவு பண்ணிடலாம்னு முடிவாச்சு. அந்தப் பொறுப்பை என் வீட்டுக்காரர் தானா முன்வந்து தலையில போட்டுக்கிட்டார். மிஷின் விஷயம் எல்லாம் தனக்கு அத்துப்படின்னு ஒரு நினைப்பு அவருக்கு. நாங்க எல்லாரும் எதிர்வீட்டுல டிவி முன்னாடி உக்காந்து பார்த்தோம். இவர் எங்க வீட்டுல மிஷின் பக்கத்துல காவல் காத்தார். அங்கேயும் டிவி போட்டா மிஷின் சூடாயிடுமாம், அணைச்சு வெச்சுட்டு வெறும் சிவப்பு விளக்கையே ஒண்ணே முக்கால் மணி நேரம் பார்த்துக்கிட்டு இருந்திருக்கார்.

சாயங்காலம் கேசட்டைப் போட்டுப் பார்த்தா, ஆடுகளுக்கு மழைக்காலத்துல வர்ற நோய்களும் அவற்றைத் தடுக்கும் முறைகளும். வேற சேனல். முழுசா, ஒரு நிமிஷம் விடாம, ரொம்பத் தெளிவாப் பதிவாகி இருந்துச்சு.

அக்கா அன்னிக்குப் பெருந்தன்மையா, "விடுங்க தம்பி, மறுபடியும் போடாமயா இருப்பாங்க"ன்னு சொன்னாங்க. டிவிக்காரங்க மறுபடி போடவே இல்ல. ஆட்டு நோயை மட்டும் அந்த வருஷத்துல ஆறு தடவை போட்டாங்க.

அதுக்கு அடுத்த ரெண்டாவது வருஷம் அக்கா கழுத்துல ஒரு கட்டி. நல்லவேளையா சீக்கிரம் கண்டுபிடிச்சு எடுத்துட்டாங்க. எடுக்கும்போது குரல் நரம்பும் சேர்ந்து போயிடுச்சு. "உயிர் தப்பிச்சதே பெருசும்மா"ன்னு டாக்டர் சொன்னார். உண்மைதான், யார் இல்லேன்னது. ஆனா வீட்டுக்கு வந்த அக்கா வாயைத் திறந்தா வெறும் காத்துதான் வந்துச்சு. பஞ்சரான சைக்கிள் டியூப்பை அமுக்கினா வருமே, அந்தச் சத்தம். பக்கத்துல போய்க் காதைக் கொடுத்தாத்தான் என்ன சொல்றாங்கன்னு புரியும். பொண்ணைக் கூப்பிடணும்னா ரெண்டு தடவை கை தட்டுவாங்க.

எங்க மாடி அமைதியாயிடுச்சு. இந்த அமைதிக்காக நான் எத்தனை நாள் ஏங்கி இருக்கேன்! கிடைச்சதும் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கல. காலையில எழுந்ததும் எதிர்வீட்டுல யாரும் கத்தலையேன்னு படுக்கையிலயே கிடப்பேன்.

வாலுக்கு அப்ப ரெண்டரை வயசு. அந்த வயசுக் குழந்தைக்கு என்ன தெரியும், அம்மான்னா இப்படித்தான் பேசுவாங்கன்னு பழகிடுச்சு. பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சதும் வந்தது வினை. கூடப் படிக்கிற ஒரு புண்ணியவதி, "உங்கம்மா ஏன் பாம்பு மாதிரி சீறுறாங்க?"ன்னு கேட்டுட்டா. இவ நேரா வீட்டுக்கு வந்து, "அம்மா, நீ பொறந்ததுலேருந்தே பாம்பா?"ன்னு கேட்டா.

அக்கா அன்னிக்கு என் சமையல்கட்டுல வந்து உக்காந்தாங்க. நான் அடுப்பை அணைச்சுட்டுக் காதைக் கிட்டக் கொண்டுபோனேன். "இத்தனை பேருக்குப் பேசினேன்டி. குரங்குக்கெல்லாம் பேசினேன். என் பொண்ணுக்கு என் குரல் தெரியாது"ன்னாங்க.

அந்தக் குரல் எதுலயாவது பதிவாகி இருக்கான்னு வீடு பூரா தேடிட்டோம். கல்யாணக் கேசட் இருக்கு, அதுல எடுத்த மகானுபாவன் ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் சினிமாப் பாட்டைப் போட்டு ரொப்பி வெச்சிருக்கான். அக்கா வாயசைக்கிறாங்க, யாரோ ஒரு பாடகி பாடறா. தன் கல்யாணத்துலயே தனக்கு வேற ஆளை டப்பிங் பேச விட்டவங்க எங்க அக்கா. ஒலிப்பதிவுக் கூடத்துல விசாரிச்சோம், பழைய நாடாவை எல்லாம் அழிச்சுட்டு மேலேயே வேற பதிஞ்சுட்டாங்களாம். நான் ராத்திரி என் வீட்டுக்காரர் மூஞ்சியைப் பார்த்தாலே ஆடு ஞாபகம்தான் வரும்.

இந்த நிலைமையிலதான் பேப்பர்ல ஒரு விளம்பரம் வந்துச்சு. 'உங்கள் செல்லங்களின் குட்டி முள்ளன், இப்போது டிவிடியில்! வீட்டிலேயே கண்டு மகிழுங்கள்!' நான் அந்தப் பேப்பரை எடுத்துக்கிட்டு நாலடி நடையை ஒரே எட்டுல தாண்டினேன். அக்கா படிச்சாங்க. திருப்பிப் படிச்சாங்க. அப்புறம் வாலுவை மடியில இழுத்து உக்கார வெச்சு, "வர்ற ஞாயித்துக்கிழமை உனக்கு அம்மாவோட நிஜக் குரலைக் காட்டப்போறேன்"னு அவ காதுக்குள்ள ஊதினாங்க. வாலு கூச்சத்துல நெளிஞ்சா.

டிவிடி வந்த அன்னிக்கே என் வீட்டுக்காரர் கடை திறக்கறதுக்கு முன்னாடி போய் நின்னு வாங்கிட்டு வந்தார். ஒண்ணு இல்ல, மூணு. பாவ மன்னிப்பு. அட்டையில முள்ளன் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னுச்சு. முள்ளம்பன்றிக்கு எப்ப இவ்வளவு பல்லு முளைச்சதுன்னு தெரியல. 'புத்தம்புதிய ஒலியில்'னு மூலையில நட்சத்திரத்துக்குள்ள போட்டிருந்தான். ஒலியைத் தூசி தட்டித் துடைச்சிருப்பாங்கன்னு நாங்க நினைச்சோம். எங்க அறிவு அவ்வளவுதான்.

ஞாயித்துக்கிழமை எல்லாரும் எதிர்வீட்டுக் கூடத்துல உக்காந்தோம். அக்கா நல்ல புடவை கட்டிக்கிட்டு வந்தாங்க. வாலுவை முன்னாடி உக்கார வெச்சாச்சு. மூத்தார் ரிமோட்டை என் வீட்டுக்காரர் கையில குடுக்கவே இல்ல, தானே வெச்சுக்கிட்டார். படம் ஓடுது. காடு, மழை, ஒரு பொந்து. பொந்துலேருந்து முள்ளன் தலையை நீட்டி, "யாராவது இருக்கீங்களா?"ன்னுச்சு.

அது அக்கா இல்ல.

யாரோ ஒரு பொண்ணு. இருபது வயசு இருக்கும். மூக்கால பேசிச்சு. ஒவ்வொரு வார்த்தையையும் தேன்ல முக்கி எடுத்த மாதிரி ஒரு இழுப்பு.

"இதுதான் உன் குரலாம்மா?"ன்னு வாலு திரும்பிப் பார்த்தா. அவ மூஞ்சி அப்படிப் பூரிச்சு இருந்துச்சு. ஒரு தலையாட்டல் போதும், குழந்தை நம்பிடும், பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லிடும், கதை முடிஞ்சுடும். ஆமான்னு சொல்லித் தொலைங்கக்கான்னு நான் மனசுக்குள்ள கத்தினேன். அக்கா என்னைப் பார்த்தாங்க. பொண்ணைப் பார்த்தாங்க. "இல்லடா. இது அம்மா இல்ல"ன்னுட்டு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. எவ்வளவோ அளந்து விட்டவங்க, தேவைப்பட்ட அன்னிக்கு ஒரு பொய் சொல்லத் தெரியல பாருங்க! மூத்தார் டிவியை அணைச்சார். அஞ்சு நிமிஷம்கூட ஓடியிருக்காது.

எனக்கு வந்ததே கோபம். மறுநாள் காலையில வீட்டுல ஒரு வேலையும் பார்க்கல. அட்டையைத் திருப்பி விலாசம் பார்த்து, ரெண்டு பஸ் மாறி, அந்த கம்பெனிக்குப் போயிட்டேன். டயர் கடைக்கு மேல மூணாவது மாடி. லிப்ட் ஒரு மாசமா பழுதுன்னு ஒரு அட்டை தொங்குது, அந்த அட்டைக்கே ஒரு வருஷம் வயசிருக்கும். மூச்சு வாங்க ஏறிப்போனா, கண்ணாடித் தொட்டியில ஒரு மீன், பக்கத்துல ஒரு மேனேஜர். ரெண்டும் ஒரே மாதிரி வாயைத் திறந்து மூடிச்சு.

"உக்காருங்க மேடம். டிவிடி நல்லா இருக்கா? ஒலி ரொம்பத் தெளிவா இருக்குன்னு எல்லாரும் பாராட்டறாங்க."

"தெளிவாத்தான் இருக்கு. வேற ஒரு பொண்ணோட குரல் ரொம்பத் தெளிவா இருக்கு. முள்ளனுக்குப் பேசினவங்க எங்கே?"

"ஓ, அதுவா! பழைய பேச்சு டிவிக்காரங்களுக்குச் சொந்தம் மேடம். குடுக்க மாட்டேன்னுட்டாங்க. படம், பாட்டு, மத்த சத்தம் எல்லாம் நம்ம கையில இருக்கு. அதனால பேச்சை மட்டும் புதுசாப் பதிஞ்சுட்டோம்."

"டிவிக்காரங்க கிட்டப் போய்க் கேட்டா?"

"அங்கே இருந்த நாடா போன மழையில தண்ணி பூந்து வீணாப் போச்சாம் மேடம்."

"வீணாப் போனதையா குடுக்க மாட்டேன்னாங்க?"

"உரிமை உரிமைதானே மேடம்"னு மேனேஜர் சிரிச்சார். "நீங்க ஏன் கவலைப்படறீங்க? குழந்தைங்களுக்கு வித்தியாசம் எல்லாம் தெரியாது."

எனக்கு அந்த மீன் தொட்டியைத் தூக்கி அவர் தலையில கவுத்தலாமான்னு தோணிச்சு. மீன் என்ன பாவம் பண்ணுச்சுன்னு விட்டேன். எழுந்து வாசல் வரைக்கும் வந்தவ, சும்மா வயித்தெரிச்சல்ல, "உங்க புதுப் பொண்ணுக்கு சிரிக்கவாவது தெரியுமா? முதல் பத்து வார்த்தையைக் கேட்டதுக்கே எனக்குக் காது கூசிச்சு"ன்னேன்.

"சிரிப்பு அவங்களோடது இல்ல மேடம். தும்மல், சிரிப்பு, அழுகை, மூச்சு வாங்கறது எல்லாம் பேச்சோட சேர்த்தி இல்ல, சத்தத்தோட சேர்த்தி. கதவு சாத்தற சத்தம், இடி, மழை, அந்தக் கணக்குல நம்ம கையில இருக்கிற சத்த நாடாவுலயே இருந்துச்சு. அதையெல்லாம் உக்காந்து பிரிச்சு எடுத்து மறுபடி பதியணும்னா எத்தனை நாள் ஆகும்? யாரு மெனக்கெடறது! அப்படியே விட்டுட்டோம்."

அவரோட சோம்பேறித்தனத்துக்கு ஒரு கும்பிடு போட்டேன், நிஜமாவே ரெண்டு கையையும் தூக்கி. பைத்தியம்னு நினைச்சிருப்பார். படியில எப்படி இறங்கினேன்னு தெரியல.

வீட்டுக்கு வந்தப்ப வாலு பள்ளிக்கூடத்துல இருந்தா. அக்கா கிட்டச் சொன்னேன். அவங்களுக்கு முதல்ல புரியல. அப்புறம் யோசிச்சு, காத்துக் குரல்ல சொன்னாங்க: "ஆமாடி. வசனம் எல்லாம் முடிஞ்சு சாயங்காலமா, மொத்தமா ஒரே மூச்சுல பண்ணச் சொன்னாங்க. சிரி, தும்மு, அழுன்னு. பாப்பாவை உன்கிட்ட விட்டுட்டு வந்திருந்தேன், பால் கட்டிக்கிட்டு வலி உயிர் போச்சு. எப்படா விடுவாங்கன்னு நினைச்சு அழுதேன். ஒரே தடவையில சரின்னுட்டாங்க." நானூத்திப் பன்னெண்டு வசனத்தைப் பத்தி ரெண்டு வருஷம் ஓயாமப் பேசினவங்க, இதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல.

அன்னிக்கு சாயங்காலம் நாங்க ரெண்டு பேர் மட்டும் டிவிடியைப் போட்டு உக்காந்தோம். பொண்ணு கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு அக்கா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. இன்னொரு தடவை அவ கிட்ட ஏமாந்து நிக்க முடியாதுன்னாங்க. வாலு பள்ளிக்கூடத்துலேருந்து வந்து, டிவியைப் பார்த்ததும், "திரும்பவும் இந்தப் பன்னியா?"ன்னு முகத்தைச் சுளிச்சுட்டு, சுவத்தோரமா டிவிக்கு முதுகைக் காட்டி உக்காந்து வீட்டுப்பாடம் எழுத ஆரம்பிச்சா.

மூக்குக்காரி பேசினா. நாங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தோம். பத்தாவது நிமிஷத்துல முள்ளன் மேல பூ விழுந்துச்சு. ஒரு தும்மல். அக்கா கை என் மணிக்கட்டைப் பிடிச்சுச்சு. அவங்க தும்மல்தான்! ஊரையே எழுப்பற தும்மல், கடைசியில ஒரு 'ஐயோ'. அடுத்து ஒரு சிரிப்பு வந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துடுச்சு. இந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் கதவை அறைஞ்சு சாத்தி இருக்கேன்! நான் திரும்பி வாலுவைப் பார்த்தேன். அவ எழுதிக்கிட்டே இருந்தா. அக்காவும் பார்த்தாங்க.

அப்புறம் முள்ளன் ஒரு பள்ளத்துல விழுந்துச்சு. மழை. மேலேருந்து யாரும் எட்டிப் பார்க்கல. முள்ளன் அழ ஆரம்பிச்சுச்சு. முதல்ல மூக்கை உறிஞ்சிச்சு, அப்புறம் விசும்பிச்சு, அப்புறம் வாய்விட்டு. பேச்சே இல்ல. கூடம் பூரா அக்காவோட குரல். நான் மூச்சை அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன். அக்கா கண்ணை மூடிக்கிட்டாங்க.

வாலு பென்சிலைக் கீழே போட்டா. திரும்பி டிவியைப் பார்க்கல. நேரா அவங்க அம்மா மூஞ்சியைப் பார்த்தா. அக்கா வாய் மூடித்தான் இருந்துச்சு. குழப்பத்தோட டிவியைப் பார்த்தா. அடுத்த நொடி துள்ளி எழுந்து ஓடி, டிவி பிளக்கையே பிடுங்கிட்டா. திரும்பி நின்னு என்னைப் பார்த்து, முகம் எல்லாம் கோணக் கத்தினா:

"சித்தி! எங்கம்மா அழறாங்க, நீ சும்மா உக்காந்து பார்த்துக்கிட்டு இருக்கியே!"

சத்தியமாச் சொல்றேன், நாங்க யாரும் அவ கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

அக்கா கையை நீட்டினாங்க. அவ ஓடி வந்து அம்மா கழுத்தைக் கட்டிக்கிட்டு, "அங்கே அழாதம்மா, அங்கே அழாதம்மா"ன்னா. அக்கா அவளை நெஞ்சோட அமுக்கிக்கிட்டுச் சிரிச்சாங்க, சத்தமே வராம, உடம்பு முழுக்கக் குலுங்கி. நான்தான் வீடு பூரா கேக்கற மாதிரி ஓன்னு அழுதேன். எங்க வீட்டுக்காரர் என்னமோ ஏதோன்னு ஓடி வந்து, மிஷின்ல ஏதாவது கோளாறான்னு கேட்டார்.

அந்த அழுகை மொத்தம் நாப்பது செகண்டாம், அக்கா சொல்றாங்க. இன்னி வரைக்கும் நாங்க முழுசாக் கேட்டதில்ல. தும்மலைப் போட்டுக் குடுங்கன்னு வாலுவே கேக்கறா, சிரிப்பைப் பத்து தடவை கேக்கறா. பள்ளம் வந்தா மட்டும் போய் அணைச்சுடறா.